கெஸ்ட் வைஃபை மக்கர் செய்கிறதா? பிளக்கைப் பிடுங்கும் முன் இதைப் பாருங்கள்

அறையில் தங்கியிருப்பவர் கீழே இறங்கி வந்து "சார், வைஃபை வேலை செய்யல" என்பார். அந்த ஒரே வாக்கியத்துக்குள் ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். ஆனால் ரிசப்ஷனில் இருப்பவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுவது. பல நேரம் சரியாகியும் விடும், தொல்லையே அங்கேதான் தொடங்குகிறது. எதனால் நின்றது என்பதற்கான தடயம் அந்தப் பிளக்கோடு அழிந்துபோகும், அடுத்த வாரக் கடைசியில் கூட்டம் வந்ததும் அதே கோளாறு அப்படியே திரும்பி வரும்.

நான் மனத்தில் வைத்துப் பேசுவது இருபது, முப்பது அறைகள் உள்ள சின்ன விடுதி. இணைய லைன் ஒன்று, மோடத்துக்குப் பின்னால் முகவரி வழங்கி இணையத்துக்கு வாசலாக நிற்கும் கேட்வே ரவுட்டர், கேபிள் வழியே மின்சாரமும் அனுப்பும் பிஓஇ சுவிட்ச், தாழ்வாரங்களில் வைஃபையைப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட்கள், விருந்தினருக்கென்று தனி வைஃபை பெயர், கனெக்ட் ஆனதும் வவுச்சர் எண் கேட்கும் லாகின் பக்கம். பெட்டி எந்த பிராண்டாக இருந்தாலும் சரி, மெனுவில் பெயர்கள்தான் மாறும்.

எடுத்தவுடன் இரண்டே கேள்வி. "உங்களுக்கு மட்டுமா, கூட இருப்பவருக்கும் இப்படித்தானா?" என்பது முதலாவது. அப்புறம் அவரையே போனில் வைஃபை விவரத்தைத் திறக்கச் சொல்லி, அங்கே ஐபி முகவரி (வலையில் அந்தப் போனுக்குக் கொடுத்த எண்) என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அந்த எண்ணைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. முகவரி இல்லை அல்லது 169.254 என்று தொடங்குகிறது என்றால், போனுக்கு முகவரி கிடைக்கவே இல்லை. உங்கள் ரவுட்டரில் நீங்கள் வைத்த முகவரி வரிசையிலிருந்தே முகவரி இருக்கிறது, ஆனால் நெட் இல்லை என்றால் சந்தேகம் லாகின் பக்கத்தின் மேல். நீங்கள் கொடுக்காத ஏதோ ஒரு வரிசை தெரிகிறது என்றால் கட்டடத்துக்குள் யாரோ புதுசாக ஒரு பெட்டியை மாட்டியிருக்கிறார்கள்.

"ஐபி முகவரி பெறுகிறது" என்றே நிற்கிறது

எல்லா மாடியிலும் இப்படி, அதுவும் மாலையில் புது ஆட்கள் வந்து சேரும் நேரத்தில் மட்டும் என்றால், முகவரி தீர்ந்துவிட்டது என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 அறை, அறைக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப், ஒரு டேப்லெட் அல்லது வாட்ச் என்றால் 144 சாதனங்கள். பல ரவுட்டர்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே நூறு, நூற்றைம்பது முகவரிகளுக்குத்தான் அமைக்கப்பட்டிருக்கும், ஒரு முகவரியைக் கொடுத்தால் 24 மணி நேரத்துக்கு அது அந்தப் போனுக்கே சொந்தம். மதியம் அறையைக் காலி செய்துவிட்டுப் போனவரின் முகவரி மறுநாள் வரை பூட்டியே கிடக்கும். புதிதாக வந்தவர் தாழ்வாரத்தில் நின்று போனைத் தட்டிக்கொண்டிருப்பார். ரவுட்டரை அணைத்துப் போட்டால் பல பெட்டிகளில் இந்தப் பட்டியல் அழிந்துவிடும், அதனால்தான் "சரியாகி" விடுகிறது.

போதாக்குறைக்கு ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்ணை) காட்டுவதில்லை, வைஃபை பெயருக்கு ஒன்றாகப் போலி மேக் ஒன்றை உருவாக்கிக்கொள்கின்றன. நீங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர், 5 கிகாஹெர்ட்ஸுக்கு இன்னொரு பெயர் வைத்திருந்தால், இரண்டிலும் மாறி மாறி ஏறும் ஒரே போன் உங்கள் கணக்கில் இரண்டு சாதனம். பெயரை ஒன்றாக்கிவிடுங்கள்.

தீர்வு எளிது. முகவரியின் ஆயுளை 2 முதல் 4 மணி நேரமாகக் குறையுங்கள். அங்கேயே இருக்கும் போன் பாதி ஆயுளிலேயே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், அவருக்கு எதுவும் தெரியாது. கூடவே வரிசையையும் பெரிதாக்குங்கள். வரிசையின் அளவைச் சொல்லும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றால் 254 முகவரி, 255.255.252.0 என்றால் 1022. இதில் ஒரு பள்ளம் உண்டு. 10.73.0.0 என்று தொடங்கி இந்த மாஸ்க்கைப் போட்டால் 10.73.3.255 வரை மொத்தமும் விருந்தினர் வலைக்குள் போய்விடும், ஏற்கெனவே 10.73.1 வரிசையில் அலுவலகக் கணினிகள் இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஏன் 192.168.1 வேண்டாம், இந்த 10.73 எதற்கு என்று கேட்டால், காரணம் கீழே விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் வலைக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) பகுதியில் வருகிறது.

ஒரே ஒரு தாழ்வாரத்தில் மட்டும் முகவரி வரவில்லை என்றால் கதை வேறு. அங்குள்ள ஆக்சஸ் பாயின்ட்டில் ஊழியர்களுக்கான வைஃபை பெயர் நன்றாக வேலை செய்து, விருந்தினர் பெயர் மட்டும் முகவரி தராமல் நின்றால், அந்த கேபிள் செருகியிருக்கும் சுவிட்ச் போர்ட்டில் விருந்தினர் வீலேன் (ஒரே கேபிளுக்குள் பிரித்து ஓடும் தனி வலை) அனுமதிக்கப்படவில்லை. யாரோ சுத்தம் செய்யும்போது கேபிளைக் கழற்றிப் பக்கத்து ஓட்டையில் செருகியிருப்பார்கள். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் இதுதான். போர்ட் எண்ணையும் ஆக்சஸ் பாயின்ட் பெயரையும் கேபிளிலேயே ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள்.

முகவரி கிடைக்கிறது, ஆனால் நீங்கள் கொடுத்ததல்ல

சில பேருக்கு நெட் வரும், சில பேருக்கு வராது, அறைக்கும் தூரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஒருமுறை இப்படித்தான் அரை நாள் சிக்னலைத் துரத்திக்கொண்டு மாடி ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு போனில் 192.168.0.14 என்று பார்த்ததும்தான் உறைத்தது, எங்கள் வரிசை அதுவே இல்லை. நெடுநாள் தங்கியிருந்தவர் ஒருவர் சொந்த ரவுட்டரைக் கொண்டு வந்து, சுவரில் இருந்த நெட்வொர்க் பாயின்ட்டில் அதன் லேன் (உள்வலைக்கான) ஓட்டையைச் செருகியிருந்தார். வான் (வெளி இணையத்துக்கான) ஓட்டையில் செருகியிருந்தால் அவரோடு போயிருக்கும். லேனில் செருகியதால் அந்தக் குட்டிப் பெட்டியும் விடுதி முழுக்க முகவரி வழங்கக் கிளம்பிவிட்டது. கேட்பவருக்கு எது முந்திப் பதில் சொல்கிறதோ அதையே போன் எடுத்துக்கொள்ளும், அதனால்தான் சிலருக்கு மட்டும்.

பிடிப்பது எப்படி? மாட்டிக்கொண்ட லேப்டாப் ஒன்றில் எந்த ஐபிக்கு எந்த மேக் என்று காட்டும் ஏஆர்பி பட்டியலைத் திறந்து, அந்தப் போலிக் கேட்வேயின் மேக் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவிட்சின் மேக் பட்டியலில் அதைத் தேடினால் எந்த போர்ட் என்று சொல்லிவிடும். போர்ட் தெரிந்தால் அறை தெரிந்தது. அப்புறம் சுவிட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதியைப் போட்டு (முகவரி வழங்கும் முறைக்குத்தான் டிஎச்சிபி என்று பெயர்), கேட்வே இருக்கும் போர்ட்டை மட்டும் நம்பிக்கையானது என்று குறித்தால், மற்ற எந்த போர்ட்டிலிருந்தும் யாரும் முகவரி வழங்க முடியாது. பயன்படாத சுவர் பாயின்ட்களை சுவிட்சிலேயே அணைத்து வையுங்கள்.

கனெக்ட் ஆகிறது, லாகின் பக்கம் எழும்பவில்லை

அதிகம் தலைவலி தருவது இதுதான். இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் பிடிபடும். லாகின் பக்கத்தை உங்கள் ரவுட்டர் போனுக்குள் தள்ளுவதில்லை. போன்தான் வைஃபையில் ஏறியதும், தன்னைத் தயாரித்தவரின் குறிப்பிட்ட ஒரு தளத்துக்கு, பூட்டுப் போடாத சாதாரண எச்டிடிபி வழியில் ஒரு சின்னக் கோரிக்கை அனுப்பிப் பார்க்கிறது. ஆண்ட்ராய்டு 204 என்ற வெற்றுப் பதிலை எதிர்பார்க்கும், ஐபோன் "சக்ஸஸ்" என்று எழுதிய பக்கத்தை எதிர்பார்க்கும், விண்டோஸுக்கும் இப்படி ஒன்று உண்டு. எதிர்பார்த்த பதிலுக்குப் பதிலாக உங்கள் கேட்வே இடைமறித்து வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், "ஓ, இங்கே லாகின் இருக்கிறது போல" என்று போன் புரிந்துகொண்டு பக்கத்தைத் திறக்கும். இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்தாலும் பக்கம் வராது.

எல்லாருக்கும், அல்லது ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் எல்லாருக்கும் வரவில்லையா? லாகினுக்கு முன்பே அனுமதிக்கப்பட்ட தளங்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். கூகுள் கணக்கு மூலம் லாகின் வைக்கலாம் என்று யாரோ ஆசைப்பட்டு கூகுளின் எல்லாத் தளங்களையும் அதில் சேர்த்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு அனுப்பும் சோதனையும் அதே குடும்பத்துத் தளத்துக்குத்தான் போகிறது. சோதனை தடையில்லாமல் போய் 204 வந்துவிடும், நெட் இருக்கிறது என்று போன் நம்பிவிடும், பக்கம் எழும்பாது, வேறு எதுவும் திறக்கவும் செய்யாது. அனுமதிப் பட்டியல் எவ்வளவு குட்டியோ அவ்வளவு நல்லது. என்னைக் கேட்டால் சமூக வலைத்தள லாகினே சின்ன விடுதிக்கு வேண்டாத வேலை, வவுச்சர் எண் போதும்.

அந்தப் பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்றால், லாகின் ஆகாத போன்களால், தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் உங்கள் டிஎன்எஸ் சேவையை எட்ட முடிகிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக்காகப் போட்ட ஃபயர்வால் விதி ஒன்று அதையும் சேர்த்து அடைத்திருக்கும். பெயரைத் தேட முடியாத போன் சோதனையையே அனுப்பாது.

ஒரே ஒருவருக்கு மட்டும் வரவில்லையா? ஆண்ட்ராய்டு என்றால் அமைப்புகளில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒன்று, ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கிறது. அதில் அவர் ஏதாவது ஒரு சேவையின் பெயரைத் தட்டி வைத்திருந்தால், போன் 853ஆம் போர்ட் (இது சுவிட்ச் ஓட்டை அல்ல, இணைப்பின் வழி எண்) வழியாக அந்தச் சேவையிடம் மட்டுமே பெயர் கேட்கும், லாகினுக்கு முன் அந்த வழி அடைபட்டிருக்கும், அவ்வளவுதான், முட்டிக்கொண்டு நிற்கும். "தானாக" என்று மாற்றச் சொல்லுங்கள், லாகின் முடிந்ததும் பழையபடி வைத்துக்கொள்ளலாம். அடுத்த சந்தேகம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் விபிஎன். அதற்கடுத்தது லேப்டாப்பில் கையால் போட்ட டிஎன்எஸ் முகவரி.

பக்கம் தானாக வராவிட்டால் பிரவுசரில் கேட்வேயின் முகவரியை, நம் உதாரணத்தில் 10.73.0.1, முன்னால் எச்டிடிபி போட்டுத் தட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான அமைப்புகளில் அது நேரே லாகின் பக்கத்துக்குக் கொண்டுபோகும். உங்கள் பெட்டியில் அப்படி நடக்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு, அந்த முகவரியை அறையில் வைக்கும் அட்டையில் அச்சடித்துவிடுங்கள், ரிசப்ஷனுக்கு வரும் போன் அழைப்பு நன்றாகவே குறையும். அவர் தன் வங்கித் தளத்தையோ மின்னஞ்சலையோ திறந்து பார்த்துவிட்டு "வரல" என்பார், அது பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ், அதை இடைமறித்தால் சான்றிதழ் எச்சரிக்கைதான் வரும். அந்தச் சிவப்புப் பக்கத்தில் "பரவாயில்லை, தொடர்க" என்று அழுத்தும்படி ஊழியர் யாரும் விருந்தினருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். எச்டிடிபிஎஸ் கோரிக்கைகளைத் திருப்பிவிடும் வசதி கேட்வேயில் இருந்தால் அணைத்து வையுங்கள். பெட்டி புதியது என்றால் டிஎச்சிபியில் 114ஆம் எண் விருப்பம் இருக்கிறதா பாருங்கள். 2020இல் ஆர்எஃப்சி 8910 என்ற இணையத் தரநிலை ஆவணம் இதை வரையறுத்தது, முகவரி கொடுக்கும்போதே லாகின் இருக்கும் இடத்தையும் போனுக்குச் சொல்லிவிடும். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 11 முதல் போன்களுக்கு இது புரியும்.

இன்னொன்று, மின்தடைக்கு அப்புறம் எல்லா வவுச்சரும் "செல்லாது" என்று வருகிறது என்றால் கேட்வேயின் கடிகாரத்தைப் பாருங்கள். கடிகார பேட்டரி இல்லாத பெட்டிகள் ஏதோ ஒரு பழைய வருடத்தில் போய் நிற்கும். இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கும் என்டிபி சேவையைப் போட்டு வைத்தால் தானாகச் சரிசெய்துகொள்ளும்.

லாகின் ஆகிறது, அரை மணியில் மறுபடி கேட்கிறது

போன் திரை அணைந்ததும் வைஃபையைத் தூங்க வைக்கும். கேட்வே "ஆள் இல்லை" என்று எண்ணி வெளியே தள்ளிவிடும். செயலற்ற நேரம் என்ற அமைப்பு 15 அல்லது 30 நிமிடம் என்றிருக்கும், அதைப் பல மணி நேரமாக ஏற்றி, மொத்த ஆயுளை மட்டும் அறையைக் காலி செய்யும் நேரத்தோடு முடியும்படி வையுங்கள். வவுச்சருக்கு இரண்டு சாதனம் என்ற கட்டுப்பாடும் இந்தக் காலத்துக்கு ஒத்துவராது. ஐஓஎஸ் 18 முதல், கடவுச்சொல் இல்லாத வைஃபையில் ஐபோன் தன் போலி மேக்கை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும், வாரக்கணக்கில் தங்குபவரின் அதே போன் திடீரென்று புது ஆளாக வந்து நிற்கும். நாலைந்து சாதனம் என்று விடுங்கள்.

பிரவுசரே இல்லாத டிவி, கேம் கன்சோல் போன்றவற்றுக்கு லாகின் பக்கம் திறக்க வழியில்லை. மேக் முகவரியை வாங்கி, அனுமதி முடியும் தேதியோடு அனுமதிப் பட்டியலில் போடுங்கள். தேதி போட மறந்தால் பட்டியல் குப்பையாகிவிடும்.

சிக்னல் கோடு முழுசா இருக்கு, ஆனால் நகரவில்லை

முதலில் லேப்டாப்பைக் கேபிளில் கேட்வேயோடு சேர்த்துப் பாருங்கள். அங்கேயே மெதுவாக இருந்தால் காற்றில் தேட வேண்டியதில்லை.

இரவு ஒன்பது மணிக்கு எல்லாருக்கும் படுத்துவிடுகிறது என்றால், பலரும் டவுன்லோடைத்தான் திட்டுவார்கள், குற்றவாளி பெரும்பாலும் அப்லோட். நாள் முழுக்கச் சுற்றி எடுத்த படங்களையும் வீடியோக்களையும் போன்கள் அறைக்குள் வந்து சார்ஜரில் போட்டதும் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கும். அப்லோட் வழி நிரம்பினால் எல்லா பாக்கெட்டும் (தரவுத் துண்டும்) மோடத்தின் வாசலில் வரிசையில் நிற்கும். கேட்வேயிலிருந்து பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் சோதனை) ஓடவிட்டுப் பாருங்கள். பகலில் 20 மில்லிசெகண்ட் காட்டியது இரவில் 600, 800 என்று போனால் இதுதான். சாதனத்துக்கு இவ்வளவுதான் என்று வேகக் கட்டுப்பாடு போடுங்கள். இறக்கம் 100, ஏற்றம் 20 எம்பிபிஎஸ் லைன் என்றால் சாதனத்துக்கு 8 இறக்கம், 2 ஏற்றம் என்று தொடங்கிப் பார்க்கலாம், எச்டி வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் போதும். அதைவிட நல்லது, கேட்வேயில் எஃப்க்யூ கோடல் அல்லது கேக் என்ற வரிசை மேலாண்மை இருந்தால் அதைப் போட்டு, லைனின் உண்மையான வேகத்தில் 90 சதவீதத்தை அதன் வரம்பாகக் கொடுப்பது. வரிசை மோடத்தில் சேராமல் உங்கள் பெட்டியிலேயே சேரும், அங்கே எல்லாருக்கும் பங்கு கிடைக்கும்.

குறிப்பிட்ட அறைகளில் மட்டும் என்றால் அப்போதுதான் காற்றைப் பார்க்க வேண்டும். கோடு முழுதாக இருப்பது ஆக்சஸ் பாயின்ட்டின் குரல் போனுக்குக் கேட்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. சின்ன ஆன்டெனா வைத்திருக்கும் போனின் குரல் திரும்ப மேலே போய்ச் சேர்கிறதா என்பது தெரியாது. சிக்னல் போதவில்லை என்று ஆக்சஸ் பாயின்ட்டின் சக்தியை உச்சத்தில் வைப்பவர்கள் இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். சக்தியை நடுத்தரமாகக் குறைத்து, கட்டில் தலைமாட்டில் நின்று மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) அளவுக்கு வருகிறதா என்று அளந்து பாருங்கள். அளக்கும்போது அறைக் கதவைச் சாத்திவிட்டு அளக்க வேண்டும், விருந்தினர் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருப்பார். டைல்ஸும் பெரிய கண்ணாடியும் தண்ணீர்க் குழாய்களும் உள்ள குளியலறை, தாழ்வாரத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்தால் சிக்னல் அங்கேயே செத்துவிடும். அந்தக் கட்டடங்களில் அறைக்குள்ளேயே சின்ன ஆக்சஸ் பாயின்ட் வைப்பதுதான் வழி.

2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாதவை, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ரிப்பீட்டர் வைத்து நீட்டியிருந்தால், ஒற்றை ரேடியோ ரிப்பீட்டர் ஒவ்வொன்றும் வேகத்தைப் பாதியாக்கும், கேபிள் இழுத்துவிடுங்கள். கேபிள் இழுத்தும் 95 எம்பிபிஎஸ் தாண்டவில்லையா, சுவிட்சில் அந்த போர்ட் 100 என்று காட்டுகிறதா பாருங்கள். கிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும். எங்கோ ஒரு முனையில் ஒரு கம்பி சரியாகக் கடிக்கவில்லை.

ஆக்சஸ் பாயின்ட் தானாகச் செத்துப் பிழைக்கிறது

கூட்டம் இருக்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் மின்சாரம் போதவில்லை. பிஓஇ தரநிலைகளில் 802.3ஏஎஃப் போர்ட் 15.4 வாட் தரும், 802.3ஏடி 30 வாட். போர்ட் சரியாக இருந்தும் சுவிட்சின் மொத்த வாட் கணக்கு போதாமல் இருக்கலாம், எட்டு போர்ட்டும் சேர்ந்தே 60 வாட்தான் என்ற சுவிட்சுகள் உண்டு. ரீஸ்டார்ட் ஆகாமல் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் திடீரென்று காணாமல் போய் ஒரு நிமிடத்தில் திரும்பினால், சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரை ராடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ராடார் போல ஏதாவது கேட்டால் உடனே விலகியாக வேண்டும், அடுத்த ராடார் சேனலில் ஏறும் முன் 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். 36 முதல் 48க்குள் மாற்றிவிட்டால் தொல்லை இல்லை.

சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்கின்றன, ஆபீஸ் விபிஎன் ஏறவில்லை

லைன் பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து ஏறும்) வகை என்றால் பாக்கெட்டில் 8 பைட் அதற்கே போய்விடும், 1500க்குப் பதில் 1492தான் மிச்சம். கேட்வேயில் எம்எஸ்எஸ் கிளாம்பிங் (பாக்கெட்டில் ஏற்றும் தரவின் அளவைக் குறைக்கும் அமைப்பு) போடுங்கள், கையால் எண் கேட்டால் 1452. விபிஎன் ஏறவே இல்லை என்றால் யூடிபி 500, 4500 என்ற வழி எண்கள் இரண்டையும் உங்கள் ஃபயர்வால் அடைக்கிறதா பாருங்கள். ஏறிவிட்டது, ஆனால் ஆபீஸ் சர்வர் மட்டும் திறக்கவில்லை என்றால், உங்கள் விடுதியும் அவர் ஆபீஸும் ஒரே 192.168.1 வரிசையில் இருக்கும். லேப்டாப் அந்த சர்வரை உங்கள் தாழ்வாரத்தில் தேடிக்கொண்டிருக்கும். யாரும் எடுக்காத 10.73 போன்ற வரிசையை முதலிலேயே எடுக்கச் சொன்னது இதற்குத்தான்.

ஒரு விருந்தினர் இன்னொருவரின் டிவியில் படம் ஓட்டுகிறார்

சிரிப்பாக இருக்கும், ஆனால் இதை அவசரமாகப் பாருங்கள். ஒருவர் சாதனம் இன்னொருவருக்குத் தெரியாமல் பிரித்து வைக்கும் கிளையன்ட் ஐசொலேஷன் அணைந்திருக்கிறது என்று அர்த்தம், ஒருவர் லேப்டாப் இன்னொருவருக்குத் தெரிகிறது. அதைப் போட்டுவிட்டு, விருந்தினர் வைஃபையில் ஏறிய போனிலிருந்து ரிசப்ஷன் பிரிண்டர், கேமரா ரெக்கார்டர், கார்டு மெஷின், கேட்வேயின் அட்மின் பக்கம் நாலையும் திறக்க முயன்று பாருங்கள். ஒன்று திறந்தாலும் வீலேன்களுக்கு நடுவில் ஃபயர்வால் விதி இல்லை. வேறு வேலையை விட்டுவிட்டு அதை முடியுங்கள்.

பிளக்கைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்றால்

ரிசப்ஷனில் ஆள் வரிசையில் நிற்கும்போது தத்துவம் பேச முடியாதுதான். பிடுங்குவதற்கு முன் ஒரு நிமிடம் எடுத்து, கேட்வேயின் முகவரிப் பட்டியலையும் எத்தனை நாளாக ஓடுகிறது என்ற வரியையும் மணியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் அணைக்காமல், மோடத்தை மட்டும் அணைத்துப் போட்டு விளக்குகள் நிலைக்கும் வரை காத்திருங்கள். சரியானால் குறை லைனில், சேவை தருபவரிடம் புகார் எண் வாங்குங்கள். சரியாகவில்லை என்றால் அடுத்து கேட்வே, அதற்கும் அசையவில்லை என்றால் சுவிட்ச். சுவிட்சை அணைத்தால் எல்லா ஆக்சஸ் பாயின்ட்டும் சேர்ந்து விழும், திரும்பி எழ ஐந்து நிமிடமாவது ஆகும், அதற்குள் இன்னொருவர் பொறுமையிழந்து மறுபடி பிளக்கைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.